ஸ்டெப் கவுண்டர் வாங்கப் போகிறீர்களா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் "தினமும் நடங்க" என்று சொல்லிவிடுவார். எவ்வளவு நடப்பது, அதை எதை வைத்து எண்ணுவது, எந்தக் கடையில் என்ன கேட்டு வாங்குவது என்பதெல்லாம் நம் தலையில். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வாங்கி, பில், வாரண்டி, சார்ஜர் என்று கும்பகோணத்துக்கும் திருச்சிக்குமாக அலைந்து முடித்தபின் இதை எழுதுகிறேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனி நல்லது என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் நாள் எப்படிப் போகிறது, வேலை நேரத்தில் கை என்ன செய்கிறது, இடுப்பில் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. முதல் வாரம் காசு செலவழிக்காதீர்கள்

உங்கள் போனிலேயே காலடி எண்ணும் வசதி இருக்கிறது. ஐபோனில் 'ஹெல்த்' செயலி தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். சாம்சங் போனில் சாம்சங் ஹெல்த், மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் ஃபிட் மாதிரி ஏதாவது ஒன்று போதும். ஆண்ட்ராய்டு 10 முதல் 'ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி' என்று ஓர் அனுமதி கேட்கும். அதைக் கொடுக்காவிட்டால் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பல போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னால் ஓடும் செயலியை நிறுத்திவிடும். காலையில் எண்ணும், மத்தியானத்துக்குமேல் எண்ணாது. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்று மாற்றிவிடுங்கள்.

ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். அந்த வாரத்தில் வேலை நாளும் வரவேண்டும், விடுமுறையும் வரவேண்டும், சந்தைக்கோ வயலுக்கோ போகும் நாளும் வரவேண்டும். தினமும் இரவு எண்ணிக்கையை ஒரு காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். போன் எப்போதும் சட்டைப்பையிலோ பேண்ட் பாக்கெட்டிலோ இருக்கிறவராக இருந்தால், அதுவே போதும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், வேறு எதுவும் வாங்கவேண்டாம்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இது சரிப்படாது. போன் ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும், அவர்கள் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். நாள் முழுக்கக் கால் ஓயாமல் நடப்பவருக்குப் போன் சில நூறு காலடிதான் காட்டும். அவர்களுக்குத்தான் தனிக் கருவி நிஜமாகவே தேவை.

2. கையிலா, இடுப்பிலா?

அவசரப்படாமல் யோசிக்கவேண்டிய இடம் இது. எல்லாக் கருவியிலும் உள்ளே இருப்பது அசைவை உணரும் ஒரு சின்ன சில்லுதான். சீரான இடைவெளியில் வரும் குலுக்கலை அது ஒரு காலடி என்று எடுத்துக்கொள்கிறது. கையில் கட்டினால் கை வீச்சையும், இடுப்பில் மாட்டினால் உடம்பின் ஏற்ற இறக்கத்தையும் பார்க்கும். கால் நடக்கிறதா என்று நேராகப் பார்க்கும் கருவி நம் விலைக்குக் கிடைப்பதில்லை.

அதனால் கை ஓயாமல் ஆடும் தொழில் செய்பவர்கள் மணிக்கட்டில் கட்டினால் கணக்கு எகிறும். தவில் வாசிப்பவர், திருபுவனத்தில் தறியில் உட்காருபவர், பரோட்டா மாஸ்டர், மாவு பிசைந்துகொண்டே இருப்பவர் எல்லோருக்கும் இதே கதைதான். உட்கார்ந்த இடத்திலேயே ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். இவர்களுக்கு இடுப்பில் மாட்டும் கிளிப் வகைதான் சரி.

நேர்மாறாக, கை அசையாமல் நடப்பவர்களுக்கு மணிக்கட்டுக் கருவி குறைத்துக் காட்டும். குடம் தூக்குவது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவது, இரண்டு கையிலும் காய்கறிப் பை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது, ஊன்றுகோல் பிடிப்பது, இவையெல்லாம் கணக்கில் சரியாக வராது. கால் தேய்த்து மெல்ல நடக்கும் பெரியவர்களை எந்தக் கருவியுமே குறைத்துத்தான் எண்ணும். இருப்பதில் இடுப்பில் மாட்டுவது கொஞ்சம் மேல்.

வயல் வேலையைத் தனியாகச் சொல்லவேண்டும். நடவின்போது குனிந்தபடி, சேற்றில், பின்பக்கமாக மெதுவாக நகர்கிறோம். எந்தக் கருவிக்கும் அது நடையாகத் தெரியாது. வரப்பில் போய்வருவது மட்டும் பதிவாகும். நாள் முழுக்க நடவு செய்தவர் சாயங்காலம் 2,000 என்று பார்த்தால் மனம் விட்டுப்போகக்கூடாது. உடம்பு செய்த வேலை அந்த எண்ணைவிட மிக அதிகம். வயல் வேலை உள்ள நாட்களில் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நல்லது.

உடைக்கு வருவோம். வேட்டி கட்டுபவர்களுக்குப் பச்சை பெல்ட் இருக்கிறதே, அதில் கிளிப் கருவி நன்றாக நிற்கும். பெல்ட் பைக்குள் போனை வைத்தாலும் எண்ணும். சேலையில் இடுப்பில் மாட்டலாம், ஆனால் குனிந்து நிமிரும்போது கழன்று விழும். ஒரு சின்ன ஊக்கால் கூடுதலாகப் பிணைத்துக்கொள்ளுங்கள். நைட்டியில் மாட்ட இடமே இல்லை. ஆகவே வீட்டில் இருக்கும் பெண்களுக்கு, மேலே சொன்ன குறைகள் இருந்தாலும், மணிக்கட்டுப் பட்டைதான் நடைமுறைக்கு ஏற்றது. அம்மாவுக்கும் கடைசியில் அதுதான் அமைந்தது.

3. எவ்வளவு செலவாகும்?

கிளிப் வகை சுமாராக 300 முதல் 800 ரூபாய்க்குள் கிடைக்கும். போன் வேண்டாம், செயலி வேண்டாம், பட்டன் செல் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். சிஆர்2032 போன்ற சாதாரண செல் போடும் மாடலாகப் பார்த்து எடுங்கள், அது எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். சில மலிவான கருவிகளில் நள்ளிரவில் எண்ணிக்கை தானாகப் பூஜ்யமாகாது, நாம்தான் அழுத்தவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பட்டையும் சாதாரண ஸ்மார்ட் வாட்சும் பெரும்பாலும் 1,500 முதல் 3,500 ரூபாய்க்குள். காலடி எண்ணுவதற்கு மட்டும் என்றால் இதற்குமேல் கொடுக்கவேண்டியதில்லை. விலை ஏற ஏற ஜிபிஎஸ், பெரிய திரை, பேசும் வசதி என்று சேரும். எண்ணும் திறமை அதே அளவுக்கு ஏறும் என்று நினைக்கவேண்டாம்.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, தண்ணீர் தாங்கும் திறன். நாம் ஆற்றிலும் வாய்க்காலிலும் குளிக்கிறவர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் நனைகிறவர்கள். '5 ஏடிஎம்' (50 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள்) என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். 'ஐபி67' என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், மழைக்கும் கை கழுவுவதற்கும் அது போதும், ஆற்றுக் குளியலுக்குப் போதாது. எதுவாக இருந்தாலும் சோப்பும் வெந்நீரும் பட்டால் நாளடைவில் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு தளர்ந்துவிடும்.

இன்னொன்று சார்ஜர். ஒவ்வொரு கம்பெனியும் காந்தத்தில் ஒட்டும் ஒரு தனி சார்ஜர் கொடுக்கிறது. அது தொலைந்தாலோ கெட்டாலோ ஊர்க் கடையில் கிடைக்காது. எங்கள் வீட்டில் பட்டை நன்றாக இருந்தும் இந்தச் சின்ன வயர் இல்லாமல் வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. மாற்று சார்ஜர் தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஏழு நாளாவது வரவேண்டும். தினமும் சார்ஜ் கேட்கும் கருவியைப் பெரியவர்கள் பத்தே நாளில் ஓரம் வைத்துவிடுவார்கள்.

4. சுகர் காட்டும் வாட்ச் என்றால் தொடவே தொடாதீர்கள்

ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரை காட்டும் என்று சொல்லி வாட்ச் விற்கிறார்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் இதைப் பற்றி எச்சரிக்கை கொடுத்தது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தது. தோலில் ஊசி உணரி பொருத்திக்கொள்பவர்களுக்கு அந்த அளவை வாட்சில் காட்டும் வசதி வேறு, அதை இதோடு குழப்பவேண்டாம்.

இது ரொம்ப முக்கியம். வாட்ச் காட்டும் பொய் எண்ணை நம்பி யாராவது இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. மலிவான வாட்சில் வரும் பிரஷர் எண்ணையும் மருந்து முடிவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு விளம்பரத்தில் சுகர் என்ற சொல்லைப் பார்த்தால் அந்தக் கம்பெனியையே ஒதுக்கிவிடுங்கள். அங்கே பொய் சொல்பவர் காலடிக் கணக்கில் மட்டும் உண்மை சொல்வாரா?

5. பில்லும் பெட்டியும்

ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண், தேதி, மாடல் பெயர், முடிந்தால் சீரியல் எண், எல்லாம் அதில் இருக்கவேண்டும். "பில் இல்லாம 200 ரூபா கம்மி பண்ணித் தர்றேன்" என்பார்கள். அந்த 200 ரூபாய்க்காக ஒரு வருட வாரண்டியை விட்டுவிடாதீர்கள். மெஷினில் அச்சாகும் வழவழப்பான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், கடை வாசலிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, எந்த நாட்டுப் பொருள், வாடிக்கையாளர் தொடர்பு எண், மாதம் வருடம், இத்தனையும் சட்டப்படி இருக்கவேண்டும். ஸ்மார்ட் வாட்சுக்குப் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவும் கட்டாயம். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண் பெட்டியிலோ கருவியின் பின்புறத்திலோ இருக்கும். 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு செயலியில் அதைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். இரண்டு நிமிட வேலை, கடையில் நின்றுகொண்டே செய்யலாம்.

வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். எங்களுக்கு விற்ற கடை முத்திரை வைக்காமல் கொடுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் அதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் கடைக்காரரிடம் போய் முத்திரை வாங்கி, மறுபடி பஸ் ஏறினோம். ஆகவே பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்? கூரியரில் அனுப்பவேண்டுமென்றால் செலவு யாருடையது? ஸ்ட்ராப்புக்கும் சார்ஜருக்கும் வாரண்டி எத்தனை மாதம்? மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ வாங்கினாலும் சர்வீஸுக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பவேண்டியிருக்கலாம்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். மாற்றித் தரும் காலம் பல பொருட்களுக்கு ஏழு நாள்தான், பணம் திரும்ப வராது, வேறு பீஸ் மட்டும்தான் கிடைக்கும். பொருளின் பக்கத்தில் அதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

6. முதல் நாள் அமைப்பு

உயரம், எடை, பிறந்த வருடம், எந்தக் கை என்று கேட்கும். உயரத்தைச் சரியாகக் கொடுங்கள், தூரக் கணக்கு அதை வைத்துத்தான். அதிகம் வேலை செய்யாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டுங்கள். வளையல் போட்டிருக்கும் கை என்றால் வளையலுக்கும் மேலே தள்ளிக் கட்டவேண்டும்.

செயலி காண்டாக்ட், எஸ்எம்எஸ், கால் விவரம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். காலடி எண்ணுவதற்கு அவை எதுவும் வேண்டாம். புளூடூத், ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி இரண்டும் கொடுத்தால் போதும். பழைய ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் கருவியைத் தேட லொக்கேஷனும் கேட்கும், இணைந்த பிறகு அதை எடுத்துவிடலாம்.

7. மாற்றும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்

வாங்கிய மறுநாளே செய்யுங்கள். சமமான தெருவில் மனதுக்குள் எண்ணியபடி 100 காலடி நடங்கள். 95 முதல் 105 வரை காட்டினால் நல்ல கருவி. நடுவில் நிற்காமல் நடக்கவேண்டும், ஏனென்றால் பல கருவிகள் தொடர்ந்து சில காலடி வைத்த பிறகுதான் எண்ணவே தொடங்கும். மூன்று முறை செய்து பாருங்கள்.

அடுத்து, ஒரு மணி நேரம் மேசைமேல் சும்மா வையுங்கள். ஒன்றுகூட ஏறக்கூடாது. பிறகு டூ-வீலரில் பின்னால் உட்கார்ந்து ஊர் ரோட்டில் ஒரு சுற்று வாருங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஆனால் நூற்றுக்கணக்கில் ஏறினால் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியாக, உங்கள் தொழிலுக்கு உட்கார்ந்து பாருங்கள். தறியோ தையலோ சமையலோ, அரை மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

தூரம் சரியா என்று பார்க்க நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல் இருக்கிறது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை நடந்தால் பெரியவர்களுக்குச் சுமார் 1,300 முதல் 1,500 காலடி ஆகும். 1,000 மீட்டரை உங்கள் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் காலடியின் நீளம். அதைச் செயலியில் போடலாம். ரோட்டில் நடக்கப் பயமாக இருந்தால், தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிப் பிராகாரம் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம், மதிலை ஒட்டி ஒரு சுற்று 700 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். மன்னார்குடி ஹரித்ராநதியின் நான்கு கரையையும் சுற்றினால் சுமார் 1.2 கிலோமீட்டர்.

கலோரி எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். அது வெறும் உத்தேசம். அதை நம்பி ராத்திரி இரண்டு இட்லி கூடச் சாப்பிடக்கூடாது.

8. எத்தனை காலடி?

தினமும் 10,000 காலடி என்று எல்லோரும் சொல்வது ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல. 2022-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரை பலன் ஏறிக்கொண்டே போய், அதன்பின் சமமாகிறது என்று அதில் தெரிந்தது. வயதான பெண்களை வைத்துச் செய்த 2019-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 2,700 அளவில் நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆகவே உங்கள் அம்மா 4,000-த்தில் நின்றாலும் அது வீண் இல்லை.

முதல் வாரம் காலண்டரில் குறித்தீர்களே, அதன் சராசரியை எடுங்கள். அதோடு 1,000 சேர்த்து இரண்டு வாரம். பழகியதும் இன்னொரு 1,000. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம், அவர் கருவி வேறு, கட்டும் இடம் வேறு.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி என்பது மிதமான வேகம். பேச முடியும், பாட முடியாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது இப்படி இயங்கச் சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிட நடை, சோறு அதிகம் சாப்பிடும் நமக்குச் சர்க்கரை ஏறுவதைக் கட்டுப்படுத்த உதவும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். நடக்கும்போது பையில் நான்கு மிட்டாய் இருக்கட்டும், சர்க்கரை ரொம்ப இறங்கிப் படபடப்பும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் வந்தால் எண்ணிக்கையை மறந்துவிட்டு உட்காருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

9. எங்கே, எப்போது?

சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிடவேண்டும். கோயில் பிராகாரம் நடைக்கு அருமையான இடம். போனை உள்ளே விடாத கோயில்களில் பட்டையோ கிளிப்போ கை கொடுக்கும். ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெயில் ஏறிய கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சூடு தெரியாமலே பாதம் வெந்துவிடும், புண் ஆறாது.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரையோர நடை மனதுக்கு இதமாக இருக்கும். இருட்டில் போனால் டார்ச் அவசியம், பாம்பு நடமாட்டம் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் கரை வழுக்கும், அந்த மாதங்களில் வீட்டுத் திண்ணையிலோ கல்யாண மண்டப வராண்டாவிலோ நடந்தாலும் அதே கணக்குதான். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். உங்கள் மாவட்டத்தில் அது எந்த வழி என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

10. கெட்டுப்போனால்

முதலில் பெட்டியில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கருவியைக் கொடுக்கும்போது ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பில், புகார் எண், போட்டோ மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே கம்பெனி இறங்கிவரும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மனு போடவேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

11. வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

பழைய பட்டையை அப்பாவுக்கோ அத்தைக்கோ கொடுத்தால், முதலில் உங்கள் போனில் 'அன்பேர்' செய்து, பட்டையில் 'ரீசெட்' கொடுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் புதியவர் போனில் இணையாது, இணைந்தாலும் அவர் காலடி உங்கள் கணக்கில் ஏறும். அவர் உயரத்தைப் போட்டு, 100 காலடிச் சோதனையை அவரை நடக்கவைத்து மறுபடி செய்யுங்கள். ஸ்ட்ராப் மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிடுங்கள், பழையதில் வியர்வை ஊறியிருந்தால் தோல் அரிக்கும். சார்ஜரையும் பில்லையும் அதே பெட்டியில் போட்டுச் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.